மெஜந்தா குறைகிறது என்று நினைத்தேன்

2012 நவம்பர். சிவகாசியில் காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்தது. ஆடிப் பதினெட்டுக்குப் புதுக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வந்து ஆர்டர் பிடிக்க ஆரம்பித்தால் தீபாவளி முடிந்த கையோடு அச்சு வேகம் பிடித்துவிடும், அப்புறம் டிசம்பர் கடைசி வரை மெஷின் நிற்காது. எனக்கு அப்போது 24 வயது, நாலு கலர் ஆஃப்செட் மெஷினில் ஆபரேட்டர். ஒரு ராத்திரி ஷிஃப்டில் லட்சுமி படம் ஓடிக்கொண்டிருந்தது. ஷீட்டை உருவி லைட்டுக்கு அடியில் வைத்துப் பார்த்தால் தாமரை வெளுத்துக் கிடந்தது. மெஜந்தா, அதாவது சிவப்புக்கு அடிக்கிற மை, குறைகிறது என்று நினைத்து இங்க் கூட்டினேன். அப்பவும் வெளுப்பு. இன்னும் கூட்டினேன். காலையில் முதலாளி வந்து ஷீட்டைப் பார்த்துவிட்டு, "என்னடா இது, லட்சுமியை ரத்தத்துல முக்கி எடுத்திருக்க?" என்று கத்தினார். அன்றைக்கு ஓடிய அத்தனையும் வேஸ்ட்.

எனக்குக் கோபம்தான் வந்தது. என் கண்மேல் சந்தேகம் வரவில்லை. கலர் பார்த்தே சம்பளம் வாங்குகிறவனுக்கு எப்படி வரும்?

நாலு நாள் கழித்து வாசலில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன். புகை இடது கண்ணில் ஏறியது, மூடிக்கொண்டேன். எதிரே பேசிக்கொண்டிருந்த பையனுக்கு முகம் இல்லை. காது இருந்தது, தலைமுடி இருந்தது, நடுவில் மட்டும் அழுக்குக் கண்ணாடி வைத்த மாதிரி. வலி கிடையாது, சிவப்பு கிடையாது, உறுத்தல் கிடையாது. தூங்காததால் வந்திருக்கும் என்று இன்னொரு சிகரெட் பற்ற வைத்தேன். பொங்கலுக்கு முந்தின வாரம் இடது கண்ணும் அதே மாதிரி ஆரம்பித்தது.

இதற்கு முதலில் வைத்த பெயர் பார்வை நரம்பு வீக்கம். ஸ்டீராய்டு ஊசி மூன்று நாள் டிரிப்பில் ஏற்றினார்கள், பிறகு மாத்திரை. ஒன்றும் நடக்கவில்லை, முகம்தான் உப்பியது. மண்டையை எம்.ஆர்.ஐ. எடுத்ததில் எல்லாம் சரி. டார்ச் அடித்தால் கண்மணி ஒழுங்காகச் சுருங்குகிறது, ஆனால் பெரிய எழுத்துகூடத் தெரியவில்லை என்கிறான் என்று ஒருவர் என்னை ஒரு மாதிரி பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. இந்த நோயில் கண்மணி பெரும்பாலும் சுருங்கத்தான் செய்யும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் மதுரையில் ஒரு டாக்டர், வயதானவர், கண்ணைப் பார்த்து முடித்துவிட்டு என்னிடம் பேசாமல் அம்மா பக்கம் திரும்பினார். "அம்மா, உங்க கூடப் பிறந்தவங்க யாருக்காவது சின்ன வயசுல பார்வை போயிருக்கா?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "எந்தம்பிக்கு."

சின்ன மாமாவுக்கு இருபது வயதில் பார்வை போனது. சாராயம் குடித்துக் குடித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டான் என்று ஒரு கட்சி, வேலைக்குப் போகச் சோம்பேறித்தனம், நடிக்கிறான் என்று இன்னொரு கட்சி. என் பாட்டி கடைசிவரை செய்வினை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மாமா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டே காலத்தை ஓட்டினார். நாங்கள் சின்னப் பிள்ளைகள் அவர் முகத்துக்கு நேராக விரலை ஆட்டி விளையாடியிருக்கிறோம்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. லீபர் பரம்பரைப் பார்வை நரம்பு நோய். தியோடர் லீபர் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1871இல் எழுதி வைத்த நோய். காரணம் பிடிபட்டது 1988இல்தான். நம் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று, அதற்குத் தனி மரபணு, அதில் 16,569 எழுத்துகள். என் ரிப்போர்ட்டில் 11778ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தது. ஒரே ஒரு எழுத்துப் பிழை. அச்சாபீஸ்காரனுக்கு இதைவிடப் பொருத்தமாக நோய் வராது என்று நானே சொல்லிச் சிரித்துக்கொள்வேன். 3460, 14484 என்று இன்னும் இரண்டு இடங்கள் உண்டு, இந்த நோய் வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இந்த மூன்றில் ஒன்றுதான் இருக்கும். 14484 என்றால் கொஞ்சம் பார்வை திரும்ப வாய்ப்பு அதிகம். என்னுடையதில் குறைவு.

இந்தப் பிழை இருக்கிற எல்லோருக்கும் பார்வை போவதில்லை, அதனால்தான் இத்தனையும் எழுதுகிறேன். ஆண்களில் பாதிப் பேர், பெண்களில் பத்தில் ஒருவர் என்று பழைய கணக்கு, அதைவிடவும் குறைவுதான் என்கின்றன புதிய ஆய்வுகள். உரித்துவைத்த இரட்டையரில் ஒருவருக்குப் பார்வை போய் இன்னொருவருக்குப் போகாமல் இருந்ததையும் மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுத்துப் பிழை இருவருக்கும் ஒன்றுதானே? அப்படியானால் வெளியே இருந்து ஏதோ வந்து தள்ளுகிறது.

எனக்கு இது புரிந்தது கரண்டை வைத்துத்தான். அந்த வருடம் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கரண்ட் இருக்கிற நேரத்திலும் லோ வோல்டேஜ். டியூப்லைட் எப்படியோ எரிந்துகொண்டிருக்கும், யாராவது கிரைண்டரைப் போட்டால் கண்ணை மூடித் திறக்கும், கூடவே மோட்டாரும் போட்டால் அணைந்துவிடும். மைட்டோகாண்ட்ரியாதான் செல்லுக்கு மின்சாரம் மாதிரி. எங்களுக்குப் பிறவியிலேயே லோ வோல்டேஜ். பார்வையின் நடுப்பகுதியைச் சுமக்கிற நரம்பு இழைகள் ரொம்ப மெல்லியவை, நெருக்கி அடுக்கியவை, சக்தி நிறையக் கேட்பவை, அதனால் முதலில் அணைவது அவைதான். சிகரெட் புகையில் கார்பன் மோனாக்சைடும் சயனைடும் இருக்கின்றன, இரண்டும் சக்தி உண்டாகும் அதே பாதையில்தான் போய் அடைக்கின்றன. சாராயம் இன்னொரு பக்கம். பி வைட்டமின் இல்லாவிட்டால் அந்தப் பாதையே சரியாக ஓடாது.

இப்போது 2012இல் நான் என்னென்ன சுவிட்சைப் போட்டு வைத்திருந்தேன் என்று பாருங்கள். ஒரு நாளைக்கு ஒன்றரைப் பாக்கெட். சம்பள நாள் என்றால் குவார்ட்டர், சீசனில் ஓவர்டைம் காசு வந்ததால் வாரத்தில் நாலைந்து நாள். ஷெட்டுக்குப் பின்னாலேயே டீசல் ஜெனரேட்டர், கரண்ட் போகும்போதெல்லாம் அந்தப் புகை உள்ளே வரும். மெஷினில் படத்தைப் பேப்பருக்கு மாற்றுகிற ரப்பர் பிளாங்கெட்டைத் துடைக்கத் தின்னரும் பெட்ரோலும், கையுறை கிடையாது, சன்னல் திறந்தால் பேப்பர் பறக்கும் என்று மூடியே இருக்கும். சாப்பாடு ராத்திரி பரோட்டா சால்னா, பகலில் தூங்கி எழுந்து டீயும் வடையும். பால், முட்டை, மீன் எதையும் மாசக் கணக்கில் பார்த்ததில்லை. வைட்டமின் பி12 பார்த்தபோது 142 இருந்தது, குறைந்தது 200 இருக்க வேண்டுமாம்.

இதில் எது என்னைத் தள்ளிவிட்டது? டாக்டரிடம் கேட்டேன். "தம்பி, உங்களுக்கு இதுதான்னு யாராலயும் கைகாட்ட முடியாது. ஒண்ணுமே பண்ணாதவங்களுக்கும் வருது. ஆனா உங்க அக்கா பிள்ளைகளுக்கு இதெல்லாம் வேண்டாம்." அன்றைக்கு அந்தப் பதில் எனக்குப் போதவில்லை, ஒரே ஒரு குற்றவாளியின் பெயர் வேண்டும் என்றிருந்தது. இப்போது அதைவிட நேர்மையான பதில் இல்லை என்று நினைக்கிறேன்.

ஆனாலும் எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது. சிகரெட்டுக்கு எதிராகத்தான் கை நிறைய ஆதாரம். 2009இல் வந்த ஓர் ஆய்வில் 125 குடும்பங்களிலிருந்து இந்தப் பிழை உள்ள 402 பேரைக் கேட்டார்கள், 196 பேர் பார்வை இழந்தவர்கள், மீதிப் பேர் இழக்காதவர்கள். புகைபிடித்த ஆண்களில் 93 சதவீதம் பேருக்குப் பார்வை போயிருக்கிறது. ஏற்கெனவே பார்வை போனவர்கள் நிறைந்த குடும்பங்கள்தான் இப்படிப்பட்ட ஆய்வுக்கு வருவார்கள், அதனால் அந்த 93ஐ அப்படியே உங்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. குடியைப் பொறுத்தவரை மொடாக்குடிக்குத்தான் தொடர்பு தெரிந்தது. ஒரு கல்யாணத்தில் ஒரு பீர் குடித்தவனைப் பிடித்து மிரட்ட வேண்டியதில்லை, சிகரெட்டில் மட்டும் பேரம் கிடையாது. பீடி, ஹூக்கா, வேப்பிங் எல்லாமே என் கணக்கில் ஒன்றுதான். வீட்டில் அப்பா பிடித்தாலும் வெளியே போய்ப் பிடிக்கட்டும்.

கள்ளச்சாராயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் கலக்கிற மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைச் சாகடிக்கும், மரபணு நன்றாக இருப்பவனுக்கே கண்ணை எடுத்துவிடும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பிழைத்தவர்களில் பார்வை போனவர்களைப் பற்றிச் செய்தி கேட்டபோது எனக்குச் சின்ன மாமாவின் கயிற்றுக் கட்டில்தான் ஞாபகத்துக்கு வந்தது. அவருக்குப் பரிசோதனை எதுவும் செய்ததில்லை, போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் குடித்ததும் உண்மை, பிழை அவருக்குள் இருந்திருக்கும் என்பதும் உண்மை.

சாப்பாட்டுக் குறைவு மட்டுமே கண்ணை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குக் கியூபாவைச் சொல்வார்கள். சோவியத் யூனியன் உடைந்ததும் அங்கே பஞ்சம் மாதிரி ஆகிவிட்டது. 1991 முதல் 1993 வரை ஐம்பதாயிரம் பேருக்கும் மேல் நரம்பு பாதித்தது, பலருக்கும் பார்வை மங்கியது. ஆரம்பித்தது புகையிலை விளைகிற பினார் டெல் ரியோ மாகாணத்தில். பார்ப்பதற்கு லீபர் நோய் மாதிரியே இருந்ததால் டாக்டர்களே குழம்பினார்கள். அரசாங்கம் நாடு முழுக்க பி வைட்டமின் மாத்திரை கொடுத்த பிறகு புதிதாக வருகிறவர்கள் குறைந்தார்கள். அவர்கள் மரபணுவில் கோளாறு இல்லாதவர்கள், அதனால் பெரும்பாலானவர்களுக்குப் பார்வை தேறியது. எங்களுக்கு அப்படித் தேறாது. அதனால்தான் குறையவே விடக்கூடாது.

பி12 பற்றிச் சமையல்கட்டு மொழியில் சொல்கிறேன். பால், தயிர், முட்டை, மீன், ஈரல், கறி. அவ்வளவுதான். கீரையில் ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் இருக்கிறது, நல்லது, சாப்பிடுங்கள், ஆனால் பி12 கிடையாது. பழைய சோற்றில் எல்லா வைட்டமினும் இருக்கிறது என்று வாட்ஸப்பில் வருவதை நம்பி உட்கார வேண்டாம். நானே காலையில் பழைய சோறும் சின்ன வெங்காயமும் சாப்பிடுகிறவன்தான், பி12க்கு அதை நம்புவதில்லை. சுத்த சைவமாக இருக்கிற வீடு, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள், வயிற்று அறுவை சிகிச்சை ஆனவர்கள், இவர்கள் வருடத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் பார்த்துவிடுவது நல்லது.

குறைவு என்று தெரிந்தால் ஊசி போடுவார்கள், அங்கேதான் ஒரு சிக்கல். பி12இல் பல வகை உண்டு. சயனோகோபாலமின் என்ற வகைக்கு அமெரிக்காவில் அச்சிடுகிற மருந்துக் குறிப்பிலேயே, லீபர் நோய் ஆரம்பத்தில் இருக்கிறவர்களுக்குப் போட்டால் நரம்பு வேகமாகக் கெட்டுப்போனது உண்டு என்று எச்சரிக்கை இருக்கிறது. மெத்தில்கோபாலமின், ஹைட்ராக்ஸோகோபாலமின் என்று மாற்று வகைகள் இருக்கின்றன, டாக்டரிடம் வாய் திறந்து கேளுங்கள். மருந்து அட்டை எத்தனையோ லட்சம் நானே அச்சடித்திருக்கிறேன், அந்தப் பொடி எழுத்தை ஒரு நாளும் படித்ததில்லை. இப்போது படிக்க ஆசை, கண் இல்லை.

மரவள்ளிக் கிழங்கு சாப்பிடலாமா என்று அக்கா கேட்டாள். அதில் இயற்கையாகவே சயனைடு உண்டாகும் பொருள் இருக்கிறது, தோலைச் சீவி, துண்டு போட்டு, திறந்த பாத்திரத்தில் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பெரும்பகுதி போய்விடும். நம் பாட்டிமார் எப்போதும் செய்ததுதான். எப்போதாவது சாப்பிடுவதில் ஒன்றுமில்லை, அதையே மூன்று வேளையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

மாத்திரை விஷயம் இதைவிடப் பெரிது. காசநோய்க்குக் கொடுக்கிற எத்தாம்புடால் பார்வை நரம்பைப் பாதிக்கக் கூடியது. நம் ஊரில் காசநோய் அரிதான ஒன்றல்ல, அரசு கொடுக்கிற ஆறு மாத சிகிச்சை முழுக்க இந்த மருந்து இருக்கிறது. லினசோலிட் என்ற ஆன்டிபயாட்டிக் நீண்ட நாள் கொடுத்தாலும் அப்படியே. இதைப் படித்துவிட்டு யாரும் காசநோய் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், காசநோய் உயிரையே எடுக்கும். ஆரம்பிப்பதற்கு முன்னால் "எங்க குடும்பத்துல இந்த நோய் இருக்கு" என்று சொல்லுங்கள், அவர்கள் மாற்று யோசிப்பார்கள், இல்லை அடிக்கடி கண் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் எல்லோர் பர்ஸிலும் ஒரு சீட்டு இருக்கிறது, நோயின் பெயர், 11778, தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று. லேமினேட் செய்தது. அச்சாபீஸ் நண்பன் காசு வாங்காமல் போட்டுக் கொடுத்தான்.

இனி புகை. டயர் எரிந்த புகையைச் சுவாசித்த பிறகு பார்வை போனவர்களைப் பற்றி மருத்துவக் கட்டுரைகளில் இருக்கிறது. கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஏனென்றால் போகிக்கு எங்கள் தெருவில் டயர் கொளுத்துவதற்குத் தலைவனே நான்தான். 2013 போகிக்கும் நின்றேன், இடது கண் மங்கிக்கொண்டிருந்த அதே வாரம். இப்போது போகி அன்று விடிகாலையில் சன்னலை அடைத்துவிட்டு அக்கா வீட்டுப் பிள்ளைகளை உள்ளேயே வைத்திருக்கிறோம், தெருப்பிள்ளைகள் கேலி செய்தாலும் பரவாயில்லை. தீபாவளிக்குச் சிவகாசிக்காரன் வெடி போடாதே என்று சொன்னால் ஊரில் அடிப்பார்கள், தள்ளி நின்று பார் என்று மட்டும் சொல்வேன். விறகடுப்பு, பூட்டிய அறையில் ஜெனரேட்டர், கரி அடுப்பு, இதெல்லாம் வேண்டாம். பெயின்ட், தின்னர் வேலை என்றால் காற்றோட்டமும் கையுறையும் வேண்டும், முடிந்தால் வேறு வேலை.

மருந்து இல்லையா என்று கேட்பீர்கள். இடபெனோன் என்ற மாத்திரைக்கு 2015இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது, சிலருக்குக் கண் பரிசோதனை அட்டையில் சில வரிகள் திரும்பக் கிடைக்கின்றன, சீக்கிரம் ஆரம்பித்தால் நல்லது. எனக்கு விலையும் கட்டவில்லை, காலமும் கடந்துவிட்டது. அதற்குப் பதிலாக நான் ஏமாந்த கதை நிறைய. தேனில் ஏதோ குழைத்துக் கொடுத்த ஒருவர், பத்தாயிரம் ரூபாய்க்கு டப்பா பவுடர் விற்ற இன்னொருவர். எரியாத டியூப்லைட்டுக்குப் புது ஸ்டார்ட்டர் மாற்றிக்கொண்டே இருந்தேன். ஓரப் பார்வை எனக்கு இன்னும் இருக்கிறது, நடப்பேன், சுவரில் மோத மாட்டேன், முகமும் எழுத்தும்தான் இல்லை. போன் எனக்குப் படித்துக் காட்டுகிறது, இதையும் வாயால் சொல்லித்தான் எழுதினேன். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை மூன்று வருடம் கௌரவம் பார்த்து வாங்காமல் இருந்தேன். அந்த முட்டாள்தனத்தை நீங்கள் செய்ய வேண்டாம்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இந்தப் பிழை தாய் வழியில் மட்டும்தான் வரும், அப்பா கொடுக்க முடியாது. டாக்டர் அதைச் சொன்ன நாளிலிருந்து அம்மா என் முகத்தைப் பார்க்கவே தயங்கினாள். "நாந்தானேய்யா குடுத்தேன்" என்பாள். நான் குடித்த சிகரெட்டுக்கும் சாராயத்துக்கும் அம்மா எப்படிப் பொறுப்பு? அப்பா வீட்டுச் சொந்தங்களில் ஒருவர் அம்மாவிடம் நேரிலேயே அப்படிப் பேசினார், அந்த வீட்டுப் படியை நான் அப்புறம் மிதிக்கவில்லை. பெண் பார்க்கப் போனால் "பிள்ளைக்கும் வருமே" என்று என்னைத் தட்டிக் கழித்தார்கள். ஆண் வழியில் இது போகவே போகாது, என் பிள்ளைக்கு வராது என்று எத்தனை பேருக்கு விளக்குவது? அக்காவுக்குக் கண் நன்றாக இருக்கிறது, அவளை யாரும் எதுவும் கேட்டதில்லை, ஆனால் அவள் பிள்ளைகள் மூன்று பேருக்கும் பிழை போயிருக்கும். எங்கள் பக்கம் அக்கா மகளைக் கட்டுகிற வழக்கம் உண்டு, அப்படிக் கட்டி ஒரு பிள்ளைக்கு வந்தால் மாமன் ரத்தம் என்பார்கள். அந்தப் பெண் யாரைக் கட்டினாலும் அவள் வழியில்தான் போகும், மாமனுக்கு அதில் பங்கே இல்லை. மாமன் மகளுக்கு இருக்காது, ஏனென்றால் அவளுக்கு வந்தது அவள் அம்மாவினுடையது. சொந்தத்தில் கட்டுவதற்கு வேறு சிக்கல்கள் உண்டு, அது வேறு பேச்சு.

அக்காவின் மூத்த பையனுக்கு இப்போது 17. போன வருடம் அவன் சட்டையில் சிகரெட் வாடை வந்தது. பார்வை போனால் மூக்கு கூர்மையாகும் என்பதெல்லாம் கதை, ஒன்றரைப் பாக்கெட் பிடித்தவனுக்கு அந்த வாடை எங்கிருந்தாலும் தெரியும். திட்டவில்லை. திட்டினால் மறைவாகப் பிடிப்பான், நான் அப்படித்தான் பிடித்தேன். ஒரு கடையில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, "உன் வலது கண்ணுக்கு நேரா கட்டைவிரலை வை, அந்த இடத்துல என்ன இருக்குன்னு பார்க்கணும்னா விரலை எடுக்கணும்ல? எனக்கு அந்த விரலை எடுக்க முடியாது மாப்ள. பன்னெண்டு வருசமா அங்கேயே இருக்கு" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. டீ ஆறிப்போனது. நிறுத்திவிட்டானா என்று நான் மறுபடி கேட்கவும் இல்லை, ஆனால் வாடை வரவில்லை.

ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி அவனை ஒரு வேலை செய்யச் சொல்லியிருக்கிறேன். சிவப்பு லேபிள் ஒட்டிய தீப்பெட்டியை எடுத்து ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும், அப்புறம் மற்றக் கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். ஒரு கண்ணில் சிவப்பு வெளுத்துத் தெரிந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும், நான் செய்த மாதிரி நாலு நாள் இங்க் கூட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இது நோயைத் தடுக்காது, எனக்கும் தெரியும். ஆனால் இடபெனோன் மாதிரி ஒன்றை ஆரம்பிக்க நாள் கணக்கு முக்கியம், வேண்டாத ஸ்டீராய்டையும் தவிர்க்கலாம். இந்த மாதமும் திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான்.

"ரெண்டும் ஒரே செவப்புதான் மாமா."

"பெட்டில என்ன படம் போட்டிருக்கு?"

"கப்பல். கலர் கொஞ்சம் வெலகியிருக்கு."

ரிஜிஸ்டர் விலகல். எந்தப் பிரஸ்ஸில் அடித்தது என்று பெட்டியைத் திருப்பிப் படிக்கச் சொன்னேன்.